கூலிங் கிளாஸ் யார் போடலாம்? தர்மபுரியிலிருந்து ஓர் உடுப்பு வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதுல கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் ஒட்டித் தொகுத்தது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு கண்ணாடியில இருந்து ஆரம்பிக்குது. பவர் கண்ணாடி இல்ல, கூலிங் கிளாஸ்.

தமிழ்நாட்டு அரசியல்ல கூலிங் கிளாஸுக்குத் தனி மரியாதை உண்டு. எம்.ஜி.ஆர்.னு சொன்ன உடனே உங்க மனசுல வர்ற படத்துல ஒரு வெள்ளைத் தொப்பியும் ஒரு கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம் இருக்கும். 1987 டிசம்பர்ல மெரினாவில் அவரை அடக்கம் செய்தபோது தொப்பியும் கண்ணாடியும் அவரோடவே போயின. கையில கட்டியிருந்த வாட்சும் உள்ள ஓடிக்கிட்டே இருக்குன்னு நம்பி, சமாதியில காதை வெச்சுக் கேக்குறவங்களை இன்னைக்கும் பார்க்கலாம். அந்தப் பக்கம் கலைஞர். கண் பாதிப்புக்காக 1971-ல் அமெரிக்கா போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவருக்குக் கறுப்புக் கண்ணாடி ஒரு மருத்துவத் தேவை. ஆனா நாற்பது வருஷத்துக்கு மேல போட்டதுல அது பாதி கட்சிச் சின்னம் மாதிரி ஆயிடுச்சு. 2017-ல் அதைக் கழட்டிட்டு வேற கண்ணாடிக்கு மாறினப்போ, கண்ணாடி மாத்தினதே செய்தி. ரஜினி கண்ணாடியைச் சுழட்டி மாட்டுறதை நான் விளக்க வேண்டியதில்ல. உங்க வீட்டுக் கல்யாண வீடியோலயே யாராவது ஒரு சித்தப்பா அதைப் பண்ணியிருப்பார்.

ரெண்டு முதலமைச்சர்கள், ஒரு சூப்பர் ஸ்டார். இவங்க மூணு பேரையும் பார்த்து "இந்தக் கண்ணாடியை யாரை மயக்குறதுக்குப் போட்டிருக்கீங்க?"ன்னு யாரும் கேட்டது கிடையாது.

எங்க ஊர்ல கேட்டாங்க. தர்மபுரியில.

2012-ல் நான் பத்தாவது படிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த வருஷம் தர்மபுரியில என்ன நடந்துச்சுன்னு வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகப்படுத்தணும். டவுன்ல இருந்து திருப்பத்தூர் போற ரோட்ல நாயக்கன்கொட்டாய்னு ஒரு ஊர். அதை ஒட்டி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. மூணும் தலித் குடியிருப்புகள். நத்தத்தைச் சேர்ந்த ஒரு தலித் இளைஞரும் பக்கத்து ஊர் வன்னியர் பெண்ணும் காதலிச்சு கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. நவம்பர் 7-ஆம் தேதி அந்தப் பெண்ணோட அப்பா உயிரை மாய்ச்சுக்கிட்டார். அன்னைக்குச் சாயங்காலமே ரோட்ல மரங்களை வெட்டிப் போட்டு மறிச்சுட்டு ஒரு பெரிய கூட்டம் மூணு காலனிக்குள்ளயும் புகுந்தது. 250-க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன அல்லது நொறுக்கப்பட்டன. அடுத்த வருஷம் ஜூலை 4-ஆம் தேதி, தர்மபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்னால் ரயில் தண்டவாளத்தின் ஓரத்தில் அந்த இளைஞர் இறந்து கிடந்தார். ரெண்டு பேரோட பெயரும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தப் பெண் இன்னும் வாழ வேண்டியவங்க. அதனால நான் சொல்லல.

வீடுகள் எரிஞ்ச அடுத்த சில வாரத்துல பா.ம.க. நிறுவனர் மருத்துவர் ராமதாஸ் ஒரு விளக்கம் கொடுத்தார். அந்தத் தாக்குதலுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு அவரோட கட்சி மறுத்தது, அதையும் சொல்லிடணும். ஆனா பிரச்சினையோட வேர் எதுன்னு அவர் சொன்னது என்னன்னா: தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு மற்ற சமூகத்துப் பெண்களை மயக்குறாங்க. அதுக்கு 'நாடகக் காதல்'னு ஒரு பேரும் வெச்சாங்க. இதைச் சொல்லி மாவட்டம் மாவட்டமா கூட்டம் போட்டாங்க.

ஒரு வன்முறைக்கு எத்தனையோ காரணம் சொல்லலாம். நிலம், ஓட்டு, பழைய பகை. துணிக்கடை பில்லைக் காரணமா காட்டுனது எனக்குத் தெரிஞ்சு இதான் முதல் தடவைன்னு அப்போ நினைச்சேன். முதல் தடவை இல்ல. அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல அந்த ஜீன்ஸ் தர்மபுரிக்கு எப்படி வந்துச்சுன்னு பார்ப்போம்.

ஜீன்ஸ் பிறந்ததே கூலிக்காரங்களுக்காக. அமெரிக்காவுல லீவை ஸ்ட்ராஸ்னு ஒரு துணி வியாபாரி, ஜேக்கப் டேவிஸ்னு ஒரு டெய்லர். வேலை செய்யும்போது பாக்கெட் கிழியாம இருக்க, தையல் மேல செம்பு ரிவெட் அடிச்சு 1873-ல் காப்புரிமை வாங்கினாங்க. சுரங்கத்துலயும் பண்ணையிலயும் உழைக்கிறவன் போட்ட உடுப்பு. அதுக்குச் சொந்தக்கார உறவு ஒண்ணு நம்ம பக்கமும் இருக்கு. ஆங்கிலத்துல முரட்டு வேலைத் துணிக்கு 'டங்கரி'ன்னு சொல்றாங்கள்ல, அது மும்பை டோங்ரியில் விற்ற துணியோட பேர்ல இருந்து போனது.

இந்தியாவுல எண்பதுகள்ல 'ஃப்ளையிங் மெஷின்' மாதிரி பிராண்டு வந்தப்போ ஜீன்ஸ் பணக்காரப் பசங்க சமாசாரம். சின்ன ஊருக்கு அதைக் கொண்டு வந்தது 'ரஃப் அண்ட் டஃப்'. 1995-ல் அர்விந்த் மில்ஸ் ஒரு வேலை பண்ணாங்க. தைச்ச ஜீன்ஸை விக்காம, டெனிம் துணி, ஜிப், ரிவெட், பின்னால ஒட்டுற பட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு 195 ரூபாய்க்குக் கொடுத்தாங்க. நீங்க அதை எடுத்துட்டுப் போய் உங்க ஊர் டெய்லர்கிட்ட தைச்சுக்கலாம். விளம்பரத்துல அக்‌ஷய் குமார். எங்க மாமா அப்படித்தான் தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டெய்லர்கிட்ட கொடுத்து முதல் ஜீன்ஸ் தைச்சாராம். அந்த மெஷின் ஊசி டெனிம்ல இறங்காம மூணு தடவை ஒடைஞ்சு, டெய்லர் கூலியைவிட ஊசிக்காசு அதிகமா கேட்டார்னு இன்னைக்கும் சொல்வார். மூணு வருஷம் கழிச்சு ஷங்கர் அதே பேர்லயே படம் எடுத்தார். அதுக்கு அப்புறம் ஜீன்ஸ் போடாத ஹீரோ கிடையாது.

அடுத்தது டி-ஷர்ட். இதுதான் இருக்கறதுலயே பெரிய வேடிக்கை. தர்மபுரி வறண்ட மாவட்டம். மழையை நம்பின மானாவாரி நிலம், பெரிய தொழிற்சாலைகள் கிடையாது. அதனால பிழைக்கிறதுக்கு ஜனங்க வெளியூர் போவாங்க, முக்கியமா ரெண்டு ஊருக்கு. ஒண்ணு பெங்களூரு, கட்டட வேலை. இன்னொண்ணு திருப்பூர், பனியன் கம்பெனி. நத்தத்துல இருந்தும் நிறைய பேர் இப்படிப் போனவங்கதான். அந்தச் சம்பாத்தியத்துலதான் காலனியில கான்கிரீட் வீடு, டி.வி., பைக், பீரோ எல்லாம் வந்துச்சு. 2012 நவம்பர்ல எரிஞ்சதும் அதேதான். பசங்களோட சர்டிஃபிகேட்டும் சேர்ந்து எரிஞ்சது. அப்போ கணக்கு என்ன ஆச்சு? உலகமே போடுற டி-ஷர்ட்டைத் திருப்பூர்ல உக்காந்து தைக்கலாம், யாருக்கும் பிரச்சினையில்ல. தைச்சவன் ஒண்ணை எடுத்துத் தன் தலைவழியா மாட்டிக்கிட்டு சொந்த ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்கினா, அது நாடகம்.

இப்போ வரலாற்றுக்கு வருவோம். உடுப்பைப் பத்தின இந்தக் கோபம் 2012-ல் புதுசா முளைச்சது கிடையாது.

தெற்கே திருவிதாங்கூர்ல நாடார் பெண்கள் மேலாடை போடக் கூடாதுங்கிற கட்டுப்பாடும், அதை எதிர்த்த தோள்சீலைப் போராட்டமும் உங்களுக்குத் தெரியும். 1859 ஜூலை 26-ல் ராஜா ஒரு அறிவிப்பு கொடுத்தார். பாடப் புத்தகத்துல "உரிமை கிடைத்தது"ன்னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. ஆனா அந்த அறிவிப்பைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ரவிக்கை போட்டுக்கலாம், முரட்டுத் துணியால போர்த்திக்கலாம், ஆனா உயர்சாதிப் பெண்கள் போடுற மாதிரி மட்டும் போடக் கூடாது. உடம்பை மூடுறது அவங்களுக்குப் பிரச்சினையாவே இல்ல. ரெண்டு பேரும் பார்க்க ஒரே மாதிரி தெரிஞ்சுடக் கூடாது, அவ்வளவுதான்.

அதைவிடப் பக்கத்துல, 1930-க்கு வாங்க. ராமநாதபுரம் மாவட்டம். அங்கே ஆதி திராவிடர்களுக்குக் கள்ளர்கள் எட்டுத் தடைகள் போட்டாங்க. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையரா இருந்த ஜே.ஹெச். ஹட்டன் இதைப் பதிவு பண்ணி வெச்சிருக்கார், அம்பேத்கரும் இதை எடுத்து எழுதியிருக்கார். அந்தத் தடைகளை நான் படிச்சப்போ ஒரு நிமிஷம் ஃபேஷன் பத்திரிகையைத் தலைகீழா பிடிச்சுப் படிக்கிற மாதிரி இருந்துச்சு. தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட், சட்டை, பனியன் கூடாது. முடியை கிராப் வெட்டக் கூடாது. வீட்ல மண்பாண்டம் தவிர வேற பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேல் உடம்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. கடைசியா, ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. அடுத்த வருஷமே பட்டியல் பதினொண்ணா நீண்டது. பிள்ளைகளைப் படிக்க வைக்கக் கூடாதுங்கிறது வரைக்கும் போனாங்க. மீறினவங்களோட குடிசைகளை எரிச்சாங்க, களஞ்சியத்தை அழிச்சாங்க.

ராமநாதபுரத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவுல நிறைய மாவட்டம் இருக்கு, வேற சாதிகள், வேற நிலம், எண்பத்திரண்டு வருஷ இடைவெளி. ஒண்ணையும் இன்னொண்ணையும் அப்படியே சமமா வைக்க நான் வரல. ஆனா அந்தக் குடையை மட்டும் பாருங்க. குடை எதுக்கு? வெயிலுக்கு. கூலிங் கிளாஸ் எதுக்கு? அதுவும் வெயிலுக்குத்தான். தர்மபுரி வெயில்ல ஏப்ரல் மாசம் ரெண்டு மணிக்கு பைக் ஓட்டியிருக்கீங்களா? ஓட்டிட்டு வந்து சொல்லுங்க. 1930-ல் சட்டையும் பனியனும், 2012-ல் டி-ஷர்ட். பனியன் கம்பெனியில தைக்கிறதுதானே அதுவும். பட்டியல்ல இருந்த பொருள் மாறியிருக்கு, பட்டியல் போடுற பழக்கம் மாறல.

அந்தக் காலத்துல உடுப்புல ரெண்டு பெரிய முடிவுகள் எடுக்கப்பட்டன. காந்தி 1921 செப்டம்பர் 22-ல் மதுரை மேலமாசி வீதியில ஒரு வீட்ல இருந்து அரை வேட்டியோட வெளியே வந்தார். ஏழைகளோட உடுப்புக்கு மாறினார். அம்பேத்கர் நேர் எதிரா, கோட்டு சூட்டு டையை விடவே இல்ல. 2016-ல் கபாலி வந்தப்போ பா. ரஞ்சித் இந்த வித்தியாசத்தை ரஜினி வாயால வசனமாவே பேச வெச்சார். தியேட்டர்ல விசில் பறந்துச்சு. அதுக்கு அப்புறம் ஒரு ரெண்டு வருஷம் இன்ஸ்டாவுல எல்லாரும் கோட்டு போட்டு, காலை மடிச்சு உக்காந்து போட்டோ எடுத்தாங்க. அந்த டிரெண்ட் போயிடுச்சு. காந்தி சட்டையைக் கழட்டினது தியாகம்னு எல்லாப் பாடப் புத்தகத்துலயும் இருக்கு. ஆனா கழட்டறதுக்கு முதல்ல போட்டிருக்கணும்ல? ராமநாதபுரத்துல சட்டையே போடக் கூடாதுன்னு சொல்லப்பட்ட ஆளுக்கு எளிமைங்கிற வாய்ப்பே கிடையாது. அவன் சட்டை போட்டாதான் அது அரசியல்.

சரி, இங்க இருந்து 2014-க்கு வர்றேன். ஏன்னா உடுப்பு உரிமைக்காக தமிழ்நாட்டு அரசியல்வாதிகள் மொத்தமா ஒண்ணு சேர்ந்து கொதிச்ச சம்பவம் ஒண்ணு உண்மையிலேயே நடந்தது.

2014 ஜூலை 11. சென்னை சேப்பாக்கத்துல தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தோட கிளப்ல ஒரு நூல் வெளியீட்டு விழா. அதுக்கு அழைப்பின் பேர்ல வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டி கட்டியிருந்தார். வாசல்லயே நிறுத்திட்டாங்க. கிளப் விதிப்படி வேட்டிக்கு அனுமதியில்ல. வெள்ளைக்காரன் போய் அறுபத்தேழு வருஷம் கழிச்சும் அந்த விதி அப்படியே உக்காந்திருந்துச்சு. கோபம் வந்தது நியாயம்தான், நூத்துக்கு நூறு. சட்டமன்றத்துல கட்சி வித்தியாசம் பார்க்காம கண்டிச்சாங்க. ஒரே மாசம். ஆகஸ்ட்ல சட்டமே வந்துடுச்சு. வேட்டி கட்டினவரை உள்ளே விடலைன்னா கிளப் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

நான் இந்தச் சட்டத்தைக் கிண்டல் பண்ணல, நல்ல சட்டம். ஆனா அதோட வாசகத்தைப் பாருங்க. அது காப்பாத்துறது எதைன்னா, தமிழ்ப் பண்பாட்டைப் பிரதிபலிக்கும் வேட்டியையும் மற்ற இந்தியப் பாரம்பரிய உடைகளையும் மட்டும். ஜீன்ஸ் அதுல வராது. அதாவது, ஒரு நீதிபதியை உடுப்பைக் காட்டி வாசல்ல நிறுத்தினா அது பண்பாட்டின் மேல் தாக்குதல், முப்பது நாள்ல சட்டம். அதுக்கு ஒண்ணே முக்கால் வருஷம் முன்னாடி, ஒரு மாவட்டத்துப் பசங்க மொத்தப் பேரோட உடுப்பையும் மேடை போட்டுக் குத்தம் சொன்னப்போ ஒரு மசோதாவும் வரல. பெரிய கட்சிகள் ரெண்டும் ரொம்ப ஜாக்கிரதையா, யார் மனசும் நோகாத மாதிரி பேசிட்டு நகர்ந்தாங்க. வட மாவட்டத்துல யாருக்கு எவ்வளவு ஓட்டுங்கிற கணக்கு எல்லாருக்கும் தெரியும்.

அதே வருஷம் ஜனவரியில கோ-ஆப்டெக்ஸ் மேலாண்மை இயக்குநரா இருந்த உ. சகாயம் 'வேட்டி தினம்' கொண்டாடச் சொல்லி ஒரு முயற்சி எடுத்தார். நெசவாளருக்கு நல்லது. அது காலேஜ்ல பொங்கலுக்கு வேட்டி, செல்ஃபி, ஒட்டுற வேட்டின்னு ஒரு டிரெண்டா மாறிச்சு. ஒரு நாள் கட்டுறது, மறுநாள் மடிச்சு வைக்கிறது. எல்லாரும் ரசிச்சாங்க. எனக்கும் பிடிக்கும். ஆனா வேட்டி எல்லாருக்கும் எப்பவும் கணுக்கால் வரை இறங்கிய உடுப்பா இருந்ததில்லைன்னு இப்போதான் பார்த்தோம். முழங்காலுக்குக் கீழே இறங்கவே சிலர் அடி வாங்கியிருக்காங்க.

இங்க கொஞ்சம் காலேஜ் பக்கம் போயிட்டு வருவோம், ஏன்னா கேக்குறவங்கள்ல பாதிப் பேர் இன்ஜினியர்தான். 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் தன்கிட்ட படிக்கிறவங்களுக்கும், இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கும் ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்லீவ்லெஸ் எல்லாம் கூடாதுன்னு ஒரு விதி கொண்டு வந்தது. நான் படிச்ச காலேஜ்ல அதுக்குப் பத்து வருஷம் கழிச்சும் கேட்ல ஒருத்தர் நின்னு பேன்ட்டைக் கிள்ளிப் பார்ப்பார், டெனிமா இல்லையான்னு. நாலு வருஷம் இன் பண்ணி, ஷூ போட்டு, தாடி மழிச்சு 'இண்டஸ்ட்ரிக்கு ரெடி' ஆனோம். பெங்களூருல வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மீட்டிங்ல எங்க மேனேஜர் அரை டவுசர்ல வந்திருந்தார். 2015-ல் ஒரு வாரப் பத்திரிகை லெக்கிங்ஸைப் பத்தி அட்டைப்படக் கட்டுரை போட்டு வாங்கிக் கட்டிக்கிச்சு. 2016 ஜனவரி 1-ல் இருந்து கோயிலுக்கு ஜீன்ஸ், லெக்கிங்ஸ் போட்டு வரக் கூடாதுன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில தனி நீதிபதி உத்தரவு போட்டார். அப்புறம் டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. இதெல்லாம் வந்து போச்சு.

'புள்ளிங்கோ' டிரெண்ட் மட்டும் தனியா பேசணும். 2019 வாக்குல பசங்க ஒரு பக்கம் வழிச்சு, மேல கலர் அடிச்ச முடியோட சுத்தினாங்க. மீம் பேஜ் முழுக்க அவங்கதான். யார் அவங்க? பெரும்பாலும் உழைக்கிற வீட்டுப் பசங்க, டெலிவரி ஓட்டுறவங்க, மெக்கானிக் கடை பையன். மாணவர்களுக்கு அந்த மாதிரி முடி வெட்டாதீங்கன்னு பள்ளிக்கூடத்துல இருந்து சலூன்காரர்களுக்கு வேண்டுகோள் போன செய்தி வந்துச்சு. இப்போ அதே ஃபேட் கட்டுக்கு கோரமங்கலாவுல எண்ணூறு ரூபாய் வாங்குறாங்க, கூட ஒரு காபியும் கொடுக்குறாங்க. 1930-ல் கிராப் வெட்டினா குத்தம், 2019-ல் வெட்டினது தப்பான டிசைன்னா குத்தம்.

ராமதாஸுக்கு நியாயமா ஒரு விஷயம் சொல்லணும், இல்லைன்னா இந்த எபிசோட் ஒருபக்கமா போயிடும். வன்னியர்கள் தர்மபுரியில பெரும்பாலும் ஜமீன்தார்கள் கிடையாது. மானாவாரி நிலத்துல கஷ்டப்பட்ட சின்ன விவசாயிகள், கூலிக்காரங்க. 1987 செப்டம்பர்ல இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல்ல இருபத்தொரு பேர் செத்தாங்க. 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்தது அந்தப் போராட்டத்தாலதான். அது இல்லைன்னா என் கூடப் படிச்ச எத்தனையோ பேர் இன்ஜினியரே ஆகியிருக்க மாட்டாங்க. இன்னொண்ணு, இதே நாயக்கன்கொட்டாய்லதான் அப்பு, பாலன்னு ரெண்டு நக்சலைட் தலைவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கு. பாலன் இறந்தது 1980-ல். அந்த இயக்கத்துல வன்னியர்களும் தலித்துகளும் ஒண்ணா இருந்தாங்க, டீக்கடை இரட்டைக் குவளையை ஒண்ணா எதிர்த்தாங்க. அந்தச் சின்னம் இருக்கிற ஊரை ஒட்டித்தான் 2012-ல் தீ வெச்சாங்க. நான் அந்த வழியா போகும்போதெல்லாம் எனக்குப் புரியாம நிக்கிற இடம் அது.

அப்புறம் கூட்டணி. 2004-ல் ராமதாஸும் திருமாவளவனும் சேர்ந்து தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம் நடத்தினாங்க. சினிமாவுக்குத் தமிழ்ல பேர் வைக்கணும்னு போராட்டம். 'பி.எஃப்.'னு இருந்த படம் 'அன்பே ஆருயிரே' ஆச்சு. கமலோட 'மும்பை எக்ஸ்பிரஸ்' பேருக்கு எதிர்ப்பு வந்துச்சு. அடுத்து வந்த தி.மு.க. ஆட்சி தமிழ்ப் பேர் வெச்சா கேளிக்கை வரி கிடையாதுன்னு சொன்ன உடனே எல்லாத் தயாரிப்பாளருக்கும் தமிழ்ப்பற்று பொங்கிச்சு. ஜி.எஸ்.டி. வந்து வரிக் கணக்கு மாறின அப்புறம் இப்போ வர்ற படங்களோட பேரை நீங்களே பாருங்க. 2011 சட்டமன்றத் தேர்தல்ல பா.ம.க.வும் விடுதலைச் சிறுத்தைகளும் ஒரே தி.மு.க. கூட்டணி. ஒரே கூட்டணிக்கு ஓட்டு கேட்டாங்க. அப்பவும் அந்தப் பசங்க ஜீன்ஸ்தான் போட்டிருந்தாங்க. கூட்டணிக் கொடியைத் தோள்ல போட்டுக்கிட்டு அதே ஜீன்ஸ்லதான் பைக் ஊர்வலம் போனாங்க. தோத்த ஒண்ணரை வருஷத்துல அந்த ஜீன்ஸ் சமூகப் பிரச்சினை ஆயிடுச்சு. 2014-ல் அன்புமணி தர்மபுரியில எம்.பி. ஆனார். 2016-ல் 'மாற்றம், முன்னேற்றம், அன்புமணி'ன்னு ஒரு பிரசாரம் வந்துச்சு ஞாபகம் இருக்கா? ஒபாமா பாணின்னு எல்லாரும் எழுதினாங்க. அமெரிக்காவுல இருந்து வந்த பேன்ட் ஆபத்து, அமெரிக்காவுல இருந்து வந்த போஸ்டர் முன்னேற்றம். அந்தத் தேர்தல்ல அவர் பென்னாகரத்துல தோத்துட்டார், அது வேற.

இப்போ உடுப்பு அரசியல் எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க. 2015-ல் பிரதமர் மோடி தன் பேரையே கோடு கோடா நெய்த சூட் போட்டார். எதிர்க்கட்சி கத்திச்சு, சூட் ஏலத்துல 4.31 கோடிக்குப் போச்சு. 2022-ல் ராகுல் காந்தி வெள்ளை டி-ஷர்ட்ல நடந்தார். இந்தத் தடவை பா.ஜ.க. கத்திச்சு, டி-ஷர்ட் விலை 41,257 ரூபாய்னு பில்லோட போட்டாங்க. தமிழ்நாட்டுல 2019-ல் அ.தி.மு.க. அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடைக் கட்டுப்பாடு அரசாணை போட்டுச்சு: ஆண்களுக்குச் சட்டை பேன்ட் அல்லது வேட்டி, பெண்களுக்குப் புடவை அல்லது துப்பட்டாவோட சுடிதார், சல்வார். 2024 செப்டம்பர்ல உதயநிதி துணை முதல்வர் ஆனார். ஜீன்ஸ், உதயசூரியன் போட்ட டி-ஷர்ட்டோட அரசு விழாவுக்கு வந்தார். அடுத்த மாசமே உயர் நீதிமன்றத்துல பொதுநல வழக்கு. அந்த அரசாணை அமைச்சருக்குப் பொருந்துமா, டி-ஷர்ட் 'கேஷுவல்' உடையா இல்லையான்னு நீதிமன்றத்துல விவாதம் ஆச்சு.

கவனிச்சீங்களா? ஜீன்ஸ் வந்தாச்சு, டி-ஷர்ட் வந்தாச்சு. கூலிங் கிளாஸ் எம்.ஜி.ஆர். காலத்துலயே வந்தாச்சு. ராமதாஸ் சொன்ன மூணு பொருளும் இப்போ கோட்டைக்குள்ள போய் உக்காந்தாச்சு. எதிர்க்கிறவங்ககூட "மரியாதை இல்ல, மரபு இல்ல"ன்னுதான் சொல்றாங்க. யாரையும் மயக்கப் போட்டார்னு ஒருத்தரும் மனு போடல.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ தர்மபுரி பஸ் ஸ்டாண்ட்ல பார்த்தேன், பசங்க யாருமே டைட் ஜீன்ஸ் போடல. எல்லாம் பேகி, தொளதொளன்னு தரையைக் கூட்டிக்கிட்டு போகுது. தொண்ணூறுகள்ல எங்க மாமா தைச்ச அதே அளவு. கையில பெங்களூரு துணிக்கடைக் கவர். எந்தக் காலனி, எந்தத் தெருன்னு பேன்ட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டவுன் பஸ் வந்துச்சு, முண்டியடிச்சு ஏறிப் போயிட்டாங்க.

இந்த எபிசோடுக்காகத் தேடினப்போ எனக்குப் புத்தகத்துல கிடைக்காதது ஒண்ணு இருக்கு. செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு ஒரு தெருவைக் கடந்த கதை, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுப் போன கதை, தோள்ல இருந்த துண்டை இடுப்புக்கு இறக்கின கதை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் உங்க தாத்தா பாட்டி யாராவது சொல்லியிருந்தா, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அவங்களே பேசினா இன்னும் நல்லது. பேர் வெளியில சொல்ல மாட்டேன். பத்துப் பன்னெண்டு சேர்ந்தா தனி எபிசோடா போடுறேன், நான் நடுவுல பேசாம.